ஏகமனதாக

"அந்த வீட்டுல ரெண்டு பேர் பேசறாங்க. ஆனா இருக்கறது ஒருத்திதான்."

கீழ்வீட்டு அம்மாள் இப்படிச் சொன்னதும் ஃபிளாட் சங்க செகரட்டரி வீட்டு ஹாலில் கூடியிருந்தவர்கள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பேச்சு மூன்றாம் மாடி டைலரம்மாவைப் பற்றி. தனிக்கட்டை. ஒரே மகளைப் பறிகொடுத்தவள்.

"சரியாச் சொல்லுங்க" என்றார் வக்கீல் குமாஸ்தா.

"நேத்து மத்தியானம் தைக்கக் குடுத்த துணியை வாங்கப் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கறேன், உள்ளே ஒரு குழந்தைக் குரல். கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி. 'அங்கேயே இருக்கீங்களா?'ன்னு கேக்குது. இவ, 'இங்கேதான் இருக்கேன் தங்கம், பயப்படாதே'ங்கறா. துணியாவது ஒண்ணாவதுன்னு ஓடி வந்துட்டேன்."

குமாஸ்தா மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "செத்த பொண்ணோடதான் பேசறா."

"பக்கத்து வீட்டுக் குழந்தையா இருக்கப்போகுது" என்றார் யாரோ.

"பக்கத்து வீடு இதுதான் சார்" என்றார் செகரட்டரி. "ஸ்கூல் விட்டதும் பாப்பா காப்பகத்துக்குப் போயிடுவா. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். மத்தியானம் இங்கே ஈ காக்கா இருக்காது."

அதோடு சந்தேகம் தீர்ந்தது. பயம் கூடிற்று.

டைலரம்மாவைக் காலி செய்யச் சொல்லி வீட்டு ஓனருக்குக் கடிதம். இங்கிலீஷில். அப்போதுதான் ஓனர் அசைவாராம்.

"'மெஜாரிட்டி'ன்னு போடவா?" என்றார் குமாஸ்தா.

"வேண்டாம். ரெண்டு பேர் ஒத்துக்கலையோன்னு நினைப்பான். 'யுனானிமஸ்லி'ன்னு போடுங்க" என்றார் செகரட்டரி.

"'வித் ஒன் வாய்ஸ்'?"

"அதையும் சேருங்க. கம்பீரமா இருக்கு."

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் உடுத்தியிருந்தது டைலரம்மா தைத்த துணி. அது ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, யுனானிமஸ்னா என்ன?"

செகரட்டரியின் மகள். இவ்வளவு நேரமும் அங்கே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு அம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தம் கண்ணு."

"என்னை யாருமே கேக்கலியே?"

"பெரியவங்க விஷயம். உனக்கென்ன அதுல?"

"டைலராண்ட்டி போயிட்டா, நீங்க என்னை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்து உள்ளே வச்சுப் பூட்டிட்டு ஆபீஸ் போனதுக்கப்புறம், பாத்ரூம் ஜன்னல்ல நான் 'அங்கேயே இருக்கீங்களா?'ன்னு கேட்டா யாருப்பா பதில் சொல்லுவாங்க?"