ஐந்தாவது குஞ்சு

மீன் வாயைத் திறக்கவில்லை.

தொட்டியின் நடுவில் அப்படியே நின்றது. ஒரு சாண் நீள விரால். செவுள் மட்டும் அசைந்தது.

அதற்கு நான்கு விரற்கடை மேலே, பாசியைப் பிடித்துக்கொண்டு ஒரு தவளைக்குஞ்சு. வால் இன்னும் முழுதாகக் கரையவில்லை.

அறிவியல் மிஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டியாயிற்று. சந்தனக் கிண்ணம் வைத்த தட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, குஞ்சைத் தம் திருக்கரத்தாலேயே தொட்டிக்குள் கவிழ்த்தும் ஆயிற்று. அதற்கு முன் உண்பது, உண்ணப்படுவது, பிரபஞ்ச நியதி என்று பதினேழு நிமிடம் பேசியிருந்தார். எதிரே தரையில் இருந்தது ஐந்தாம் வகுப்பு.

இனி மீன்தான் பாக்கி.

'நேரடி உணவுச் சங்கிலி' என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பள்ளித் தாளாளரின் யோசனை. வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் முட்டையிலிருந்து வளர்த்த தவளைகள் சும்மாதானே இருந்தன.

"ஒரே தவளையில ரெண்டு பாடம் முடிஞ்சிரும் மிஸ்."

விழா நல்லபடியாக நடந்தால் அவளுடைய இரண்டு வருடத் தற்காலிக வேலை நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார்.

பிழைத்து வந்தவை ஐந்து குஞ்சுகள்.

விழா என்றால் ஒத்திகை வேண்டும். நேற்று இரண்டு. இன்று காலை தாளாளர் முன்னிலையில் இரண்டு. நான்கு முறையும் மீன் பிரமாதமாகச் செய்தது. ஒவ்வொரு முறையும் வகுப்பில் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

ஐந்தாவது முறை மீனுக்குப் பசிக்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அறிவியல் பாடம் எடுக்கும் அவளுக்கும்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூடத் தொட்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள்.

தாளாளரும் அவளைத்தான் பார்த்தார். உதடு சிரித்தது. பல் கடித்திருந்தது.

"ஸ்கேலால லேசாத் தள்ளி விடுங்க மிஸ்."

அவள் ஸ்கேலை எடுத்தாள். தண்ணீரில் இறக்கினாள்.

குஞ்சு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மீன் ஒரு விரற்கடை மேலே வந்தது.

அவள் கை நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் பொன்னாடை நழுவியது. அதைத் தரையில் விழவிடாமல் பிடிக்க அவரும் தாளாளரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள்.

கைதட்டல் கேட்டது.

தட்டு ஏந்தி நின்ற வகுப்புத் தலைவி முத்தரசி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒற்றை ஆளாகத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு முதல் வரிசை தட்டியது. பிறகு எல்லோரும்.

குஞ்சு ஸ்கேலை விட்டுக் குதித்து மூலைப் பாசிக்குள் போயிருந்தது. முத்தரசி அந்த மூலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆயிடுச்சா?" என்றார் சிறப்பு விருந்தினர்.

கேள்வி மிஸ்ஸுக்கு. அவள் முத்தரசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆயிடுச்சு சார்."

"பார்த்தீர்களா குழந்தைகளே, என்ன ஒரு கம்பீரம்! என்ன ஒரு வேகம்!"

தாம் கண்ட காட்சியை அவர் மூன்று நிமிடம் விவரித்தார். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போட்டோகிராபர்தான் விடவில்லை.

"முழுங்குறது படத்துல விழல சார். இன்னொருக்கா முழுங்கச் சொல்லுங்க."

தாளாளர் திரும்பினார். "இன்னொண்ணு இருக்கா மிஸ்?"

"இல்ல சார். இதுதான் கடைசி."

"சரி விடுங்க. ஐயாவ மீனோட நிப்பாட்டி ஒண்ணு எடுத்திருங்க."

போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். இறக்கினார்.

"பாப்பா, தள்ளிக்கோ. தொட்டிய மறைக்கிற."

முத்தரசி நகரவில்லை.

"ஏட்டி, சொல்றாருல்லா," என்றார் தாளாளர்.

முத்தரசியின் கழுத்து வியர்த்திருந்தது. ஆனாலும் நகரவில்லை.

தாளாளர் தொட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

அவள் ஸ்கேலை மேசையில் வைத்தாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். இரண்டே எட்டில் போய், முத்தரசியை ஒட்டி, முதுகு கண்ணாடியில் படும்படி நின்றாள்.

"எடுங்க," என்றாள்.