நண்பகலில் வாசிக்கப்போகிறவர்

தொலைபேசி அலறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் குபானிச் பாய்ந்து எடுத்தார். எடுத்த வேகத்திலேயே காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

வானொலியில் சிறுவர் சேர்ந்திசை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒலிபரப்பு அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மறுபடி அந்த நாரின் ஊர் ஆளுதான். மத்தியானம் கொமுஸ் வாத்தியம் வாசிக்கப்போறவருக்குப் பேரு கிடையாதா, பெத்தவங்க வைக்க மறந்துட்டாங்களான்னு கத்தறான். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன் சைக்கால், அந்தப் பேரைச் சொல்லிடு தாயி."

"முடியாதுண்ணே. அவர் என் மாமனார்."

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. சைக்காலின் அம்மா சொன்னதில்லை, ஓரகத்தியும் சொன்னதில்லை. ஒருமுறை மாமனாரை மாடு முட்ட வந்தபோது, ஓரகத்தி "பெரியவரே, பின்னால பாருங்க!" என்றுதான் கத்தினாள். தெருவிலிருந்த பெரியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர. மாடு முட்டியே விட்டது.

அவர் பெயர் தெமிர்கான். தெமிர் என்றால் அவர்கள் மொழியில் இரும்பு. கல்யாணமான நாளிலிருந்து சைக்கால் இரும்பைக்கூட இரும்பு என்று சொன்னதில்லை.

இன்று காலை முதல் அதுதான் வினை. மற்ற அறிவிப்பாளர் தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டதால், உடற்பயிற்சியிலிருந்து எல்லா நிகழ்ச்சியும் இவள் தலையில் விழுந்தது. செய்தியில் "புதிய இருப்புப்பாதைக்கு அமைச்சர் அடிக்கல் நாட்டினார்" என்று எழுதியிருந்ததை, "புதிய கெட்டிப் பாதைக்கு" என்று வாசித்துவிட்டாள். குபானிச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நண்பகல் கச்சேரி பற்றிய அறிவிப்பு அதைவிட மோசம். உடற்பயிற்சி முடிந்ததும், "மூன்று தந்தியில் மலையையே பேசவைக்கும் ஒருவர்" என்றாள். ஆட்டு உண்ணி ஒழிப்பு உரைக்குப் பிறகு, "நமக்கெல்லாம் மிகவும் வேண்டிய ஒருவர்." கேட்டவர்கள் உண்ணி டாக்டர்தான் கொமுஸும் வாசிக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நீங்களே சொல்லிடுங்களேண்ணே," என்று கெஞ்சினாள்.

"அறிவிப்பாளர் இல்லாதவன் குரல் ரேடியோவுல போகக்கூடாது. போன வருஷம் என் தும்மல் போச்சு, அதுக்கே விளக்கம் கேட்டாங்க."

"அந்த ஆள் யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஒரு ரசிகன்'ங்கறான். ரசிகன்னா இப்படியா? மூணாவது மெட்டுல தந்தி அறுந்துச்சே, அதை வெட்டிட்டீங்களான்னு வேற கேக்கறான். போன வாரம் பதிவு பண்ணினப்பவே வெட்டியாச்சுய்யான்னேன். அப்பாடான்னு மூச்சு விட்டுட்டு, மறுபடி கத்த ஆரம்பிச்சுட்டான்."

சேர்ந்திசை முடிந்தது. சைக்கால் ஒலிவாங்கியிடம் குனிந்தாள். "அடுத்து, சிறுநீரகக் கல் பற்றி மருத்துவர் பேசுவார். அதைத் தொடர்ந்து, அந்த... நம் வீட்டுப் பெரியவர் கொமுஸ் வாசிப்பார்."

நாடு முழுவதும் யார் வீட்டுப் பெரியவர் என்று ஒரு கணம் குழம்பியிருக்கும். தொலைபேசி உடனே அலறியது. குபானிச் அதை வைப்பதற்குள் மாடியிலிருந்து இயக்குநரின் உள்பேசியும் அலறியது. அதில் பேசிவிட்டு வந்தபோது குபானிச்சின் முகம் வெளிறியிருந்தது.

"நாரின் ஆளு ஏற்கெனவே மேலேயே பேசிட்டான். அமைச்சகத்துக்கு எழுதுவேன்னு மிரட்டியிருக்கான். இயக்குநர் கடைசியாச் சொல்லிட்டார். பேரு வந்தா நீ இருக்கலாம். வரலைன்னா நாளைலேர்ந்து வீட்டுல ரொட்டி சுடலாம்."

இந்த நாற்காலிக்காகச் சைக்கால் எத்தனை குரல் தேர்வுக்குப் போய், எத்தனை முறை தோற்று, கடைசியில் உட்கார்ந்தாள் என்பது குபானிச்சுக்கும் தெரியும்.

"ஒரே ஒரு பேரு தாயி. கண்ணை மூடிக்கிட்டு, மருந்து குடிக்கிற மாதிரி."

"ஊரே கேக்கும்ணே. கூட்டத்துக்கு நடுவுல அவரு தலைகுனிஞ்சு உக்காந்திருப்பாரு. பட்டணத்து மருமக ரேடியோவுலயே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளேன்னு நாலு பேரு கேட்டா, அவருக்கு எப்படி இருக்கும்?"

சிறுநீரகக் கல் கரைந்துகொண்டிருந்தது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மருத்துவர் முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். சைக்கால் காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

"வேற வேலை தேடிக்கிறேன். வேற மாமனார் கிடைக்கமாட்டார்."

மறுபடியும் தொலைபேசி. குபானிச்சுக்குப் பொறுமை போய்விட்டது. நீளக் கம்பியோடு கருவியைத் தூக்கிவந்து அவள் கையில் திணித்தார்.

"உன் வேலைக்கு உலை வச்சவன் இவன்தான். போறதுக்கு முன்னால நீயே பதில் சொல்லிட்டுப் போ!"

சைக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. வாசிக்கப்போறவர் என் மாமனாருங்க. வேலை போனாலும் போகட்டும், அவர் பேரை என் வாயால சொல்லமாட்டேன்."

மறுமுனையில் பெருங்கூட்டம் சலசலப்பது கேட்டது. பிறகு ஒரு செருமல்.

"சைக்கால், உன் மாமனார்தாம்மா பேசறேன். ஊரையே கூட்டி உக்கார வச்சிருக்கேன், பேரைச் சொல்லித் தொலைம்மா!"