முதல் துண்டு

புது ஹமோன் தொடையில் கத்தியை வைத்த எவாரிஸ்தோ, முதல் துண்டை எடுத்துத் தட்டின் ஓரமாகத் தனியே வைத்தார். அது மகளுக்கு. அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் வைத்தார்.

சலமாங்கா சந்தையில் அவர் கடைக்கு முன்னால் கிறிஸ்துமஸ் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தலைக்கு மேல், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. கீழே பாதாமும் தேனும் சேர்ந்த துர்ரோன் கட்டிகள், மார்சிபான் மிட்டாய், ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ். பாதிப் பேர் வாங்க வந்தவர்கள், மீதிப் பேர் ருசி பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொள்ள வந்தவர்கள்.

"என்ன அண்ணே, உங்க மூஞ்சியையும் உப்புல போட்டுட்டீங்களா?" என்றாள் பக்கத்துக் கருவாட்டுக் கடை பெலிசா.

"உன் கருவாட்டுக்கு இது தேவலை, போ," என்றார். வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

புதுத் தொடை வெட்டினால் முதல் துண்டு மகள் அராசெலிக்குத்தான். அவள் எட்டிப் பார்க்கும் உயரம் வளர்ந்த நாளிலிருந்து அப்படி. கல்யாணமாகி, நாற்பதைத் தொட்ட பிறகும், வேலைக்குப் போகிற வழியில் வந்து கல்லா முன்னால் "ஆ" என்று வாயைத் திறப்பாள். இந்த அக்டோபரில்தான் அது நின்றுபோனது. இப்போதும் வருகிறாள், கன்னத்தில் முத்தம் கொடுக்கிறாள், வீட்டுக்கு துர்ரோன் எடுத்துப் போகிறாள். துண்டை நீட்டினால் மட்டும், "இப்ப வேணாம்ப்பா."

காரணம் அவருக்குத் தெரியும். செப்டம்பர் திருவிழா விருந்தில், ஒயின் ஏறிய நாக்கு சும்மா இருக்கவில்லை. "பிள்ளையா குட்டியா, யாருக்கும்மா ரெண்டு பேரும் இப்படி ஓடி ஓடிச் சம்பாதிக்கிறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவள் முகம் செத்துப்போனது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தார். ஒவ்வொரு தரமும் பேச்சு நழுவி, இந்த வருஷக் குளிரில் போய் நின்றது. தன் கையால் வெட்டிக் கொடுப்பதைத் தவிர மகளிடம் வேறு எப்படிப் பேசுவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

ஒரு இளம் ஜோடி முன்னால் வந்தது. பெண்ணின் வயிற்றுக்கு மேல் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. எவாரிஸ்தோ பழக்கதோஷத்தில் இருவருக்கும் துண்டை நீட்ட, கணவன் இரண்டையும் தானே வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"இவளுக்கு ஆகாதுங்க. வேக வைக்காத இறைச்சி கூடவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு."

"அதைச் சாக்கா வச்சு என் பங்கையும் சேர்த்து முழுங்குறார், பாருங்க. நல்லா இருப்பாரா இவர்?" என்றாள் அவள்.

"கவலைப்படாதே தாயி. பிரசவம் ஆகட்டும், ஆஸ்பத்திரிக்கே பொட்டலம் அனுப்புறேன். இவனுக்கு எலும்புதான்." மாசமான பெண்கள் எல்லாரிடமும் அவர் சொல்வதுதான் இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அராசெலி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. ஒரு துர்ரோன் கட்டியை எடுத்தாள், வைத்தாள். மார்சிபான் பெட்டியைத் தூக்கினாள், அதையும் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. வெளியே குளிர் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தட்டை மெல்லத் தராசுக்குப் பின்னால் நகர்த்தினார். இன்னொரு 'வேணாம்ப்பா'வைத் தாங்க இன்று அவருக்குத் தெம்பில்லை.

"அப்பா, அது எனக்கா?"

"எது?"

"ஒளிச்சு வைக்கிறீங்களே, அது."

"இல்லம்மா... சும்மா... உனக்குத்தான் வேணாமே."

"குடுங்கப்பா." அராசெலி வாயைத் திறந்தாள்.

துண்டை எடுத்து ஊட்டினார். அவள் கண்ணை மூடி மென்றாள். விழுங்க வெகுநேரம் பிடித்தது. எவாரிஸ்தோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பெலிசா! பார்த்தியா? என் பொண்ணு சாப்பிட்டுட்டா!"

"ஊரைக் கூட்டுங்க! அப்படியே இந்தப் பக்கமும் ஒரு துண்டு வரட்டும்!"

"கோபம் தீர்ந்துச்சா கண்ணு? அன்னைக்கு அப்பன் குடிச்சுட்டு உளறிட்டேன். நாக்கை அறுத்துப் போட்டிருக்கணும்." இத்தனை மாதமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்தது தானாக வந்துவிட்டது. கத்தி அடுத்த துண்டுக்குள் இறங்கியது, இன்னும் மெல்லிசாக, இன்னும் நல்ல இடத்தில்.

"உங்க மேல எனக்கு என்னப்பா கோபம்? அதெல்லாம் அன்னைக்கே போயிடுச்சு."

"பின்ன ஏன்ம்மா இத்தனை நாளா வேணாம் வேணாம்னே?"

அவள் கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவர் அப்போதுதான் பார்த்தார். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அவளுடைய ஒரு கை, கோட்டுக்கு மேலே வயிற்றைப் பிடித்திருந்தது.

"கிறிஸ்துமஸ் விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு வச்சிருந்தோம்ப்பா."

பாதித் துண்டில் கத்தி நின்றது.

"நேத்து ஆஸ்பத்திரியில, இனிமே நான் எது வேணாலும் சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க."