திரையில் ஒரு கரும்புள்ளி

“அந்த எடம் மட்டும் சில்லுனு கெடக்குதுங்க சார். இது தேறாதுங்க” என்றாள் சசிகலா.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஆளை அல்ல, வெப்பத்தைக் காட்டும் கேமரா திரையை. மாரண்டஹள்ளி ரோட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் மெஷினுக்குள் லேசர், டைட்டானியம் பொடியை உருக்கி, அடுக்கு அடுக்காக ஒரு தொடை எலும்பை வளர்த்துக்கொண்டிருந்தது.

எலும்பு அவள் தம்பி மாதேஷுக்கு. கட்டி அரித்த எலும்பை எடுத்துவிட்டு இதைப் பொருத்த வேண்டும். புதன்கிழமைக்குள் வராவிட்டால் காலையே எடுத்துவிடுவோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலாளி நவநீதனிடம் அழுது கெஞ்சி வாங்கிய வேலை இது. மெஷின் உச்சியில் எட்டிச் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, ‘எந்தம்பி நடக்கணும் தாயே’ என்று கும்பிட்டு அவளேதான் ஓடவிட்டாள்.

உருகும் இடமெல்லாம் திரையில் வெள்ளையாய்ச் சுடர்ந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் இருட்டு. அடுத்த அடுக்கிலும் அங்கேதான், அதற்கடுத்த அடுக்கிலும் இம்மியும் நகராமல் அங்கேயேதான்.

“சரியா உருகலைனா உள்ளார ஓட்டை வுழுந்துடுங்க. நாலு எட்டு வெச்சா ஒடைஞ்சிடும்.”

நவநீதன் தயங்கினார். “யோசிச்சுக்கம்மா. நிறுத்திட்டா மறுபடி போட நேரமில்ல. ஓடட்டுமே, பாப்போம்.”

“ஓட்டை எலும்ப அவன் ஒடம்புல வெக்கச் சொல்றீங்களா?” நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

புதன்கிழமை மாதேஷின் கால் போனது. மயக்கம் தெளிந்தவன் போர்வையைத் தடவிப் பார்த்தான். “எலும்பு வரலியாக்கா?” என்றான்.

பாவி மகள் என்ன சொல்வாள்? “அது பழுதாப் போச்சுடா கண்ணு” என்றாள்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்தபோது, பாதியில் நின்ற எலும்பை நவநீதன் அறுத்து மேசைமேல் வைத்திருந்தார். உள்ளே ஓட்டை எங்கே? ஊசி நுழைய இடமில்லை. சசிகலா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மெஷின்மேல் ஏறி நின்ற சர்வீஸ்காரர் துடைத்த துணியை உதறிவிட்டுக் கீழே பார்த்தார்.

“கேமரா கண்ணாடியில பொட்டு வெச்சது யாருங்க?”