கண்ணாடிக்குள் ஜெசிந்தா டீச்சர்

மூன்றாம் வகுப்பை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போக ஹெச்.எம். அருமைநாயகம் கறாராக நிபந்தனை போட்டுவிட்டார்: "சத்தம் வரப்படாது. கண்ணாடியத் தொடப்படாது. மீறினா பஸ் கிடையாது."

அதனால் ஜெசிந்தா டீச்சர் ஒத்திகை வைத்தாள். பள்ளியில் கண்ணாடிச் சுவர் இருந்தது கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும்தான். பாதிப் பிள்ளைகளை அதற்குள் விட்டு, "நீங்கல்லாம் மீனு" என்றாள். மீதிப் பிள்ளைகள் வெளியே வாயில் விரல் வைத்து வரிசையில் நின்றார்கள். ஹெச்.எம். வேறு மேற்பார்வைக்கு வந்துவிட்டார்.

வரிசை மூச்சுக் காட்டவில்லை. உள்ளேதான் வினை. அழகாக நீந்திக்கொண்டிருந்த மீன்கள் திடீரென்று ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தன. டீச்சர் பதறி உள்ளே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே பொட்டுச் சத்தம் வரவில்லை. அவள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கண்கள் பிதுங்கின. முந்தானை துடுப்பாக அலைந்தது.

ஹெச்.எம். தன்னை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு விரலால் மெல்லத் தட்டினார்.

வரிசையின் முன்னால் நின்ற ஹாஜிரா வாயிலிருந்து விரலை எடுக்காமலே கிசுகிசுத்தாள்: "சார், தட்டப்படாது. மீனு பயந்துரும்."

ஹெச்.எம். அந்த விரலை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.