பெர்மெத் சொன்ன பதில்

வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை வைத்தே உள்ளே பத்துப் பெண்களாவது இருப்பார்கள் என்று சைரகுல் கணக்குப் போட்டாள்.

டாக்சிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். திரும்பும்போது இரண்டு பேர்.

கைப்பையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. காவல் நிலையத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெண் தன் கையால் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும், வண்டி அனுப்புகிறோம் என்று.

பெர்மெத்துக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பு. முந்தாநாள் பள்ளிவிட்டு வரும் வழியில், பாலத்தருகே, கல்யாணத்துக்கென்று அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை எல்டியார் நாரின் நகரத்துக்கு வேன் ஓட்டுகிறவன். அவள் அவனிடம் பேசியதெல்லாம் வேனை நிறுத்தச் சொன்னதுதான்.

நேற்றே அவள் அப்பா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு ஆடு போயிற்று. அவர் அதை வாங்கிக் கொல்லையில் கட்டினார்; சம்மதம் என்று அர்த்தம்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றாள் எல்டியாரின் தாய் புர்மாகான். முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் சைரகுலுக்குப் பயமாக இருந்தது.

அறையின் மூலையில் திரைச்சீலை கட்டியிருந்தது. அதன் பின்னால் பெர்மெத் உட்கார்ந்திருந்தாள். தலையில் மணப்பெண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டை அதற்குக் கீழே தெரிந்தது.

"நான் அவகிட்ட தனியாப் பேசணும்."

"தாராளமாப் பேசுங்க. நாங்க என்ன வாயையா பொத்துறோம்?" என்றாள் புர்மாகான்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவி சொன்னாள்: "நாங்களும் அழுதுக்கிட்டே வந்தவங்கதான் டீச்சர். மூணு நாள் அழுதேன் நான். நாலாம் நாள் மாடு கத்துச்சு, எழுந்து போய்ப் பால் கறந்தேன். கல்லுக்கு விழுந்த இடத்துலதான் கனம், பொண்ணுக்கும் அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் சுடச்சுடப் பொரித்த ரொட்டித் துண்டுகளைத் துணிவிரிப்பில் கொட்டினாள்.

சைரகுல் மண்டியிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினாள். பெர்மெத்தின் கண்கள் வீங்கியிருந்தன. அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எல்டியாரின் அத்தை, அவள் தொடைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"பெர்மெத், வீட்டுக்குப் போலாமா? வெளிய டாக்சி நிக்குது."

"வேணாம் டீச்சர்."

"உங்க வீட்டுக்கு வேணாம்னா என் வீட்டுக்கு வா. பரீட்சை முடியிற வரைக்கும் இரு. ஒரே ஒரு வரி எழுதிக் குடு, மீதிய நான் பாத்துக்கறேன்."

பெர்மெத் தாளைப் பார்த்தாள். பிறகு தன் தொடைமேல் இருந்த கையைப் பார்த்தாள்.

வகுப்பில் ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள்: "ஒருத்தர் வேணாம்னு சொல்லிட்டா, மறுபடி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க."

"பாத்தீங்களா! படிச்ச மருமக!" என்று புர்மாகான் கையைத் தட்டினாள்.

சொல்லிக் கொடுத்தது சைரகுல்தான். புதன்கிழமை தோறும், கடைசி மணி நேரத்தில், கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொல்ல வைத்தவள்.

தாளை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

எழுந்தவளைப் புர்மாகான் விடவில்லை. "ரொட்டியத் தொடாமப் போனா வீட்டுக்கு ஆகாது டீச்சரம்மா." ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் திணித்தாள். சைரகுல் அதை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கிழவி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் வாழட்டும் என்று வாழ்த்துச் சொல்லத் தொடங்கினாள். அறையிலிருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன.

ஊர்க் கைகளோடு சைரகுலின் கைகளும் உயர்ந்தன. வாழ்த்து முடிந்ததும் எல்லோரையும் போல முகத்தைத் தடவி இறக்கிக்கொண்டாள்.

வெளியே டாக்சிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"ரெண்டு பேருன்னு சொன்னீங்களேக்கா?"

அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். வாயில் ரொட்டி இன்னும் மெல்லப்படாமல் கிடந்தது.

அந்தப் புதன்கிழமை வகுப்பின் பாடப் புத்தகத்தில் மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் அதைப் புரட்டிப் பார்த்து, ஒரே ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த ஊர்ல முக்கால்வாசிக் குடும்பம் இப்படித்தானே ஆரம்பிச்சுது? நாளைக்குப் பெத்தவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இதை எடுத்துட்டு நடத்துறதுன்னா நடத்தும்மா. இல்லன்னா மொத்தமா வேணாம்."

பதினோரு பாடமாவது மிஞ்சுகிறதே என்று நினைத்தாள் சைரகுல். அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து, இருபத்திரண்டு பிரதிகளிலிருந்தும் அந்தத் தாளைக் கத்தரித்து எடுத்தாள். 'பயத்தில் சொன்னது பதில் ஆகாது' என்று அதன் மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், ஆறாம் பாடத்துக்கு அப்புறம் எட்டு வருது. ஏழு எங்க?"

"அச்சுப் பிழை, பெர்மெத். உக்காரு."