சரியான ஆள்

“சாலா சோர்! திருட்டுப் பய!” என்று அம்மார் மேசையைக் குத்தினான். அந்த ஒற்றை அறை வீட்டில், தொட்டிலில் கிடந்த குழந்தை சிணுங்கியது.

“மெதுவா, மச்சான். என்னாச்சு?” என்றாள் மனைவி ஃபர்ஸானா.

“‘கொலுசு’ லைப்ரரிய நெட்டுல பப்ளிஷ் பண்ண கமாண்ட் அடிச்சேன். வெப்சைட்டுக்கு வேண்டிய பட்டன், மெனு எல்லாம் இருக்கிற கோட். ஏத்த விட மாட்டேங்கு! இன்னைக்குக் காலையிலயே அதே பேருல எவனோ ஏத்திட்டான். ஒரு வரி மாறல. ரெண்டு மாச உழைப்பு! நாளைக்கு ஆபீஸ்ல என்னத்தக் காட்டுவேன்?”

“ஸ்கிரீன்ல என்ன வருது?”

“‘உங்களுக்கு அனுமதி இல்லை. சரியான ஆள்தானா நீங்கள்?’னு என்னையவே கேக்கு! திருடன விட்டுட்டு!”

ஃபர்ஸானா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“எவனோ இல்ல, மச்சான். ஒரு கையில பிள்ளைய வச்சுக்கிட்டு, மறு கையால ரெண்டு மாசமா அந்தக் கோட அடிச்சவ நான். என் லாப்டாப்புல இருந்து நீங்க அதைக் காப்பி பண்ணினதப் பாத்துட்டு, காலையில ஏத்தினவளும் நான்தான்.”

அவள் குரல் உயர்ந்தது.

“ஸ்கிரீன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!”